கணக்கில் வராதவர்களின் நிருபர்

மதுரையிலிருந்து ராமநாதபுரம் போகிற பஸ் மானாமதுரையைத் தாண்டிப் பரமக்குடியை நெருங்கும்போது, ஜன்னலுக்கு வெளியே ஊரின் நிறமே மாறிவிடும். வாழையும் தென்னையும் குறைந்துபோய், சாலையின் இரு பக்கமும் சீமைக்கருவேலம் அடர்ந்து நிற்கும். ஆங்காங்கே கரிமூட்டப் புகை. கண்மாய்க் கரைகளில் பனை. வைகை கடலைத் தொடுவதற்குள் ராமநாதபுரம் பெரிய கண்மாயில் போய் அடங்கிவிடுகிற மண் இது. ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்று ராஜசிங்கமங்கலம் கண்மாயின் அகலத்தைப் பெருமையாகச் சொல்வார்கள். அதே மாவட்டத்தில், குடங்களைத் தள்ளுவண்டியில் அடுக்கிக்கொண்டு குடிதண்ணீருக்காக அலைகிற பெண்களையும் பார்க்கலாம்.

1993-ல் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தார் ஒரு நிருபர். வயது முப்பத்தாறு. பம்பாயில் பத்து வருடம் பார்த்த பத்திரிகை வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். பெயர் பி. சாய்நாத்.

அவர் இங்கிருந்து எழுதியவற்றில் ஒன்று பனையேறியைப் பற்றியது. பனைத்தொழிலின் துயரத்தை உருக்கமாக எழுத என்றைக்கும் ஆள் உண்டு. சாய்நாத் உருகவில்லை, கணக்குப் போட்டார். ஒரு நாளைக்கு எத்தனை மரம், ஒரு மரத்துக்கு எத்தனை தடவை, மரத்தின் உயரம் என்ன என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, நூற்றுக்கணக்கான மாடி கொண்ட ஒரு கட்டடத்தைத் தினமும் படிவழியே ஏறி இறங்குகிற உழைப்பு இது என்று நகரத்து வாசகனுக்குப் புரியவைத்தார்.

அந்த உழைப்பைக் கிட்டத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். காலில் தளைநார், இடுப்பில் பாளை அரிவாள், மரத்தோடு உரசி உரசிக் காய்த்துப்போன நெஞ்சு. விடிவதற்குள் ஏறிப் பதநீரை இறக்கிவிட்டு, பாளையை மெல்லிசாகச் சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டிவிட்டு வர வேண்டும். சாயங்காலம் அதே மரத்தில் மறுபடி ஏறிப் பாளை சீவ வேண்டும். காய்ச்சலென்று ஒரு நாள் படுத்தால் பாளை அடைத்துக்கொள்ளும். கீழே அவர் மனைவி, கண் எரிய எரிய அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து மணிக்கணக்காகக் காய்ச்சினால்தான் பதநீர் கருப்பட்டியாகும். அந்தக் கருப்பட்டியோ, தொழிலில்லாத மாதங்களில் முன்பணம் கொடுத்த வியாபாரிக்கே, அவர் சொன்ன விலைக்கே போகும். சாயல்குடி, கடலாடிப் பக்கம் தலைமுறை தலைமுறையாக நடக்கிற ஏற்பாடு இது.

இங்கே போலீஸ் ஸ்டேஷனில் புகார் இல்லை. ரகசியக் கோப்பு எதுவும் கசியவில்லை. அமைச்சர் யாரும் ராஜினாமா செய்யப் போவதில்லை. ஆனாலும், ஓர் ஆள் ஆயுள் முழுக்க ஏறி இறங்கிய உழைப்பு யார் வீட்டுக்குப் போய்ச் சேர்கிறது என்பது துப்புத் துலக்க வேண்டிய விஷயம்தான் என்று சாய்நாத் நினைத்தார். ராமநாதபுரத்து மிளகாய் விவசாயியை அவர் பின்தொடர்ந்ததும் இதே காரணத்தால்தான். கடன் கொடுத்த தரகரிடமே வத்தலைக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். எடையிலும் சாம்பிளிலும் கழிவு போக, தரகர் வைத்ததே விலை. புலனாய்வு என்றால் கட்டுக்கட்டாக ஆவணம், முகம் மறைத்த சாட்சி, நள்ளிரவுச் சந்திப்பு என்றே பழகிப்போன நமக்கு, முப்பது வருடம் கழித்தும் அந்தக் கட்டுரைகள் சொல்ல நிறைய வைத்திருக்கின்றன.

தாத்தா குடியரசுத் தலைவர்

சாய்நாத் மெட்ராஸ்காரர். பிறந்தது 1957 மே 13. சுதந்திரப் போராட்டத்தில் ஊறிய தெலுங்குக் குடும்பம். தாத்தா வி.வி. கிரி, தொழிற்சங்கத் தலைவராக இருந்து நாட்டின் நான்காவது குடியரசுத் தலைவரானவர். சென்னை லயோலாவில் படித்தார். பிறகு டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் வரலாற்றில் முதுகலை. 1980-ல் யு.என்.ஐ. செய்தி நிறுவனத்தில் சேர்ந்து, அங்கிருந்து ஆர்.கே. கரஞ்சியாவின் ‘பிளிட்ஸ்’ வார இதழுக்குப் போனார். வெளிநாட்டுச் செய்தி ஆசிரியர், துணை ஆசிரியர் என்று வளர்ந்தார். அப்படியே இருந்திருந்தால் டெல்லியில் ஒரு பெரிய நாற்காலி நிச்சயம்.

1991-ல் பொருளாதாரக் கொள்கை மாறியது. பத்திரிகைகளின் முகமும் அதோடு மாறியது. பங்குச் சந்தைக்குத் தனி நிருபர், ஃபேஷனுக்குத் தனி நிருபர் வந்தார்கள். தொழிலாளர் செய்திக்கும் விவசாயத்துக்கும் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். மேலே இருக்கும் ஐந்து சதவீதத்தைப் பற்றி எழுத எல்லோரும் இருக்கிறார்கள், அடியில் இருக்கும் ஐந்து சதவீதத்தைப் பற்றி நான் எழுதுகிறேன் என்று கிளம்பினார் சாய்நாத். டைம்ஸ் ஆஃப் இந்தியாவின் ஃபெல்லோஷிப்புக்கு விண்ணப்பித்தபோது நடந்ததாக அவரே சொல்லும் ஒரு சம்பவம் உண்டு. இதையெல்லாம் படிக்க எங்கள் வாசகருக்கு ஆர்வமில்லை என்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். வாசகர் சார்பில் பேசுகிறீர்களே, கடைசியாக அவர்களை எப்போது சந்தித்தீர்கள் என்று இவர் திருப்பிக் கேட்டாராம்.

ஃபெல்லோஷிப் கிடைத்தது. நாட்டின் மிக ஏழ்மையான மாவட்டங்களைத் தேடிப் போனார். தமிழ்நாட்டில் ராமநாதபுரமும் புதுக்கோட்டையும், ஒடிசாவில் காலாஹண்டி, நுவாபடா, மல்காங்கிரி, அன்றைய பீகாரில் பலாமு, அன்றைய மத்தியப் பிரதேசத்தில் சர்குஜா என்று பயணம் நீண்டது. ஏறக்குறைய ஒரு லட்சம் கிலோமீட்டர். பதினாறு வகை வாகனம். அதில் நடந்தது மட்டும் 5,000 கிலோமீட்டர். 84 கட்டுரைகள் பத்திரிகையில் வந்தன. 1996-ல் பெங்குவின் வெளியிட்ட ‘எவ்ரிபடி லவ்ஸ் எ குட் டிராட்’ புத்தகம் அந்தப் பயணத்தில் பிறந்தது. இதழியல் படிக்கிற பிள்ளைகள் இன்றும் அதில்தான் தொடங்குகிறார்கள்.

மூன்றாம் போகம்

ராமநாதபுரத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. பாலைவனத்து மழை அல்ல இது. வடகிழக்குப் பருவத்தில் சில வாரங்களில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். அந்தச் சில வார மழையை வருடம் முழுக்க வைத்துக்கொள்ளத்தான், ஒன்று நிறைந்து அடுத்ததுக்கு வழிகிற மாதிரி சங்கிலிச் சங்கிலியாகக் கண்மாய் வெட்டினார்கள். வரத்துக்கால் ஆக்கிரமிப்பாகி, கண்மாய்க்குள் கருவேலம் முளைத்து, மடைப் பலகை உளுத்துப்போனபின் வருகிற வறட்சிக்கு வானத்தைக் குற்றம் சொல்லி என்ன பயன்?

சாய்நாத் இந்த இடத்தைத்தான் பிடித்தார். வறட்சி நிஜம். ஆனால் வறட்சி நிவாரணத்தைச் சுற்றி ஒரு தனித் தொழிலே வளர்ந்திருக்கிறது என்று காட்டினார். எந்த ஒன்றியம் வறட்சிப் பகுதி என்று அறிவிக்கப்படுகிறதோ அதற்குப் பணம் வரும். அதனால் மழை நன்றாகப் பெய்கிற ஒன்றியங்களும் பட்டியலில் ஏறின. ஒப்பந்தக்காரர், அதிகாரி, உள்ளூர் அரசியல்வாதி என்று எல்லோருக்கும் அதில் பங்கு. பலாமுவில் நிவாரணப் பணத்துக்கு மூன்றாம் போகம் என்றே ஜனங்கள் பேர் வைத்திருந்தார்கள். இரண்டு போகம் விளையாத பூமியில் மூன்றாம் போகம் மட்டும் தவறாமல் அறுவடையாகும்! தண்ணீரைக் குடம் விலைக்கு விற்கிறவர்களையும், டேங்கர் லாரி வியாபாரத்தையும் ராமநாதபுரத்தில் அவர் இதே கண்ணோடுதான் பார்த்தார்.

அந்தப் புத்தகத்தில் என்னை அதிகம் உலுக்கியவை ஒடிசாவிலிருந்து வந்த இரண்டு கதைகள். நுவாபடாவில் ஒரு கால்நடைத் திட்டம். உயர்ந்த ரகக் கலப்பினம் உருவாக்கப்போகிறோம் என்று ஊரிலிருந்த நாட்டுக் காளைகளுக்கெல்லாம் காயடித்தார்கள். தீவனத்துக்கென்று நட்ட மரங்கள் பட்டுப்போயின. கோடிக்கணக்கில் செலவழித்தபின், கிராமத்தில் மிஞ்சியது விரல் விட்டு எண்ணக்கூடிய கன்றுகள். ஒரு படி பால்கூடக் கூடவில்லை. நாட்டு ரகம் அந்த வட்டாரத்திலிருந்தே அழிந்தது. இன்னொன்று மல்காங்கிரியின் துருவா பழங்குடியினரைப் பற்றியது. அரசுப் பட்டியலில் அவர்கள் பெயரின் எழுத்து ஒன்று வேறு மாதிரிப் பதிவாகியிருந்தது. அந்த ஓர் எழுத்துக்காக, பழங்குடியினருக்கு உரிய சலுகைகள் அவர்களுக்கு மறுக்கப்பட்டன. காட்டில் கண்ணெதிரே உயிரோடு நிற்கிற மனிதன், காகிதத்தில் இல்லை.

சாய்நாத்தின் நாற்பது வருட எழுத்து முழுவதிலும் ஓடுகிற இழை இதுதான் என்று நினைக்கிறேன். யாரை எண்ணுகிறார்கள், யாரை எண்ணாமல் விடுகிறார்கள், அந்த வரையறையை எழுதியது யார்? அவர் எந்த ஊருக்குப் போனாலும் இந்தக் கேள்வி கூடவே போனது.

குறுக்குக் கம்பியில் குழந்தை

புதுக்கோட்டையில் அவர் கண்டது வேறு. 1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கிற இயக்கம், பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டவும் சொல்லிக்கொடுத்தது. கல் உடைக்கிறவர், வயல் வேலைக்காரர், அங்கன்வாடி ஊழியர், நர்ஸ், முஸ்லிம் பெண்கள் என்று லட்சம் பெண்களுக்கு மேல் சைக்கிள் பழகினார்கள். ஊரில் கேலி பேசினார்கள். பாட்டுக் கட்டிப் பதில் சொன்னார்கள் பெண்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள். அதில் குறுக்குக் கம்பி இருப்பதால் குழந்தையை உட்காரவைத்துக்கொள்ளலாம் என்று பலரும் அதையே விரும்பியதைச் சாய்நாத் கவனித்து எழுதினார்.

தண்ணீருக்குப் போகிற நேரம் குறைந்தது. பஸ்ஸுக்காகவும், அழைத்துப்போகப் புருஷனுக்காகவும் அண்ணனுக்காகவும் காத்திருப்பது குறைந்தது. விளைந்ததை விற்க நாலு ஊர் கூடுதலாகப் போக முடிந்தது. அதே காலத்தில் இந்த மாவட்டத்தில் கல்குவாரிகளில் கொத்தடிமையாகக் கிடந்த பெண்கள், அரசிடம் குத்தகை எடுத்துக் குவாரியைத் தாங்களே நடத்தியதையும் அவர் பதிவு செய்தார். சைக்கிள் கட்டுரை, என்.சி.இ.ஆர்.டி. எட்டாம் வகுப்பு இந்திப் பாடநூலில் பாடமாக இருந்தது. வடக்கே எங்கோ ஒரு பள்ளியில், புதுக்கோட்டைப் பெண்கள் மிதித்த சைக்கிளைப் பற்றிப் பிள்ளைகள் இந்தியில் வாசித்தார்கள். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்தக் கதை தெரியும்?

மதுரைக்கு மேற்கே, உசிலம்பட்டியில் நடந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1980-களின் நடுவில் பெண் சிசுக்கொலைச் செய்தி வெளியே வந்தது. 1986-ல் இந்தியா டுடே அதை அட்டைப்படக் கட்டுரையாக்கியதும் உலகமே திரும்பிப் பார்த்தது. எழுதியே ஆகவேண்டிய கட்டுரை அது. எழுதியவர்களின் துணிச்சலில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதன்பின் வந்த கேமராக்கள் ஒரு ஊரின் மேலும் ஒரு சாதியின் மேலும் முத்திரை குத்திவிட்டுக் கிளம்பிவிட்டன. வரதட்சணை எப்படி வளர்ந்தது, நிலமும் பாசனமும் மாறியபோது பெண்ணின் உழைப்புக்கு என்ன மதிப்பு மிஞ்சியது, கள்ளிப்பாலுக்குப் பதில் ஸ்கேன் சென்டர் எப்போது வந்தது என்று தொடர்ந்து கேட்டவர்கள் மிகச் சிலரே. கருவில் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டம் 1994-ல் வந்தபிறகும், படித்த, வசதியான குடும்பங்கள் இதே காரியத்தைச் சத்தமில்லாமல் செய்தன. அங்கே கேமரா போகவில்லை.

512 பேரும் ஒரு விமான தூரமும்

2004-ல் ‘தி இந்து’வின் கிராமப்புற விவகார ஆசிரியரானார் சாய்நாத். அந்தப் பதவிப் பெயரே இந்தியப் பத்திரிகை உலகுக்குப் புதிது. மகாராஷ்டிரத்தின் விதர்பாவில் பருத்தி விவசாயிகள் பூச்சிமருந்து குடித்துச் செத்துக்கொண்டிருந்த காலம். இறந்தவர் வீட்டில் போய் உட்கார்ந்து, கடன் சீட்டு, வங்கிப் புத்தகம், விதைக் கடை ரசீது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

அந்தச் சமயத்தில் மும்பையில் நடந்த ஃபேஷன் வாரத்துக்கு வந்த பத்திரிகையாளர்கள் 512 பேர். மேடையில் அழகிகள் உடுத்திவந்தது பருத்தி ஆடை. அந்தப் பருத்தியை விளைவித்தவர்கள் ஒரு மணி நேர விமான தூரத்தில் தற்கொலை செய்துகொண்டிருந்தார்கள்; அதை எழுதப் போயிருந்த தேசியப் பத்திரிகை நிருபர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். சாய்நாத் இந்த இரண்டையும் அருகருகே வைத்தார். அவருடைய கோபம் எப்போதும் இப்படி எண்ணிக்கையாகத்தான் வெளிவரும். 2006-ல் பிரதமர் மன்மோகன் சிங் விதர்பாவுக்கு வந்து 3,750 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்ததற்கு, இந்த எழுத்து கொடுத்த அழுத்தமும் ஒரு காரணம்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் புள்ளிவிவரங்களில் இறங்கியது அடுத்த கட்டம். சென்னையைச் சேர்ந்த பொருளாதார அறிஞர் கே. நாகராஜின் ஆய்வு இதில் அவருக்குப் பெருந்துணை. 1995 முதல் 2010 வரை தற்கொலை செய்துகொண்ட விவசாயிகள் 2,56,913 பேர் என்று அரசின் கணக்கையே எடுத்து அரசின் முன்னால் வைத்தார்கள். இதிலும் விட்டுப்போனவர்கள் உண்டு. பட்டா பெண்ணின் பெயரில் இல்லையென்றால், நாள் முழுக்க வயலில் கிடந்தாலும் அவள் விவசாயி இல்லை, விவசாயியின் மனைவி. குத்தகைக்குப் பயிர் செய்தவரிடம் காட்டக் காகிதமில்லை. 2014-ம் ஆண்டு அறிக்கையில் வகைப்பாட்டையே மாற்றினார்கள். விவசாயி என்ற கட்டத்தில் எண்ணிக்கை சட்டென்று சரிந்தது. ‘மற்றவர்கள்’ என்ற கட்டம் வீங்கியது. சாவு குறையவில்லை, கட்டம்தான் மாறியது என்று முதலில் எழுதியவர்களில் அவரும் ஒருவர்.

நமக்கு இது தூரத்துக் கதையும் அல்ல. பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தபோது, இறந்த விவசாயிகள் எத்தனை பேர் என்பதில் சங்கங்கள் சொன்னதற்கும் அரசு ஒப்புக்கொண்டதற்கும் மலைக்கும் மடுவுக்குமான இடைவெளி. கருகிய பயிரைப் பார்த்து மாரடைத்து விழுந்தவரை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்ற வாதம் மாதக்கணக்கில் ஓடியது. அந்த வருடம்தான் நம் விவசாயிகள் டெல்லி ஜந்தர் மந்தரில் மண்டையோட்டோடு உட்கார்ந்தார்கள்.

சொந்தத் தொழிலையும் சாய்நாத் விட்டுவைக்கவில்லை. 2009 மகாராஷ்டிரத் தேர்தலின்போது, ஒன்றுக்கொன்று போட்டியான நாளிதழ்களில் அன்றைய முதல்வரைப் புகழ்ந்து வரி மாறாமல் ஒரே ‘செய்தி’ வந்ததைக் கண்டுபிடித்து எழுதினார். காசு வாங்கிக்கொண்டு விளம்பரத்தைச் செய்தியாக விற்பது அதன்பிறகுதான் தேசிய விவாதமானது. பிரஸ் கவுன்சில் துணைக்குழு விசாரித்தது. தேர்தல் கமிஷன் கண்காணிப்புக் குழுக்கள் அமைத்தது. பத்திரிகை முதலாளிகளைப் பகைத்துக்கொள்கிற இந்த வேலையை, அமைச்சர்களைத் திட்டி எழுதிப் பேர் வாங்கிய பலர் செய்யத் துணியவில்லை.

விருது வேண்டாம் என்றவர்கள்

2007-ல் மகசேசே விருது அவருக்குக் கிடைத்தது. 2009-ல் மத்திய அரசு பத்ம பூஷண் கொடுக்க முன்வந்தது. வேண்டாம் என்றுவிட்டார். எந்த அரசைப் பற்றி எழுதுகிறோமோ அந்த அரசிடம் பத்திரிகையாளன் விருது வாங்கக் கூடாது என்பது அவர் கட்சி.

பின்னாளில் அவர் மதுரையின் கதை ஒன்றைத் தேடி வந்ததற்கும் இந்தக் குணத்துக்கும் தொடர்பு இருப்பதாகவே எனக்குப் படுகிறது. 2022-ல் வந்த ‘தி லாஸ்ட் ஹீரோஸ்’ புத்தகம், சுதந்திரப் போராட்டத்தின் காலாட்படையைப் பற்றியது. அதில் தோழர் என். சங்கரய்யாவும் ஆர். நல்லகண்ணுவும் இருக்கிறார்கள். மதுரை அமெரிக்கன் கல்லூரி மாணவரான சங்கரய்யாவை 1941 பிப்ரவரியில், இறுதித் தேர்வுக்குப் பதினைந்தே நாள் இருக்கும்போது கைது செய்தார்கள். பி.ஏ. பட்டம் அத்தோடு போயிற்று. மதுரை சதி வழக்கில் மறுபடி சிறை. வெளியே வந்தது 1947 ஆகஸ்ட் 14-ல், விடிந்தால் சுதந்திரம். தியாகி பென்ஷனை அவர் வாங்கவில்லை. 2021-ல் தமிழ்நாடு அரசு ‘தகைசால் தமிழர்’ விருதோடு கொடுத்த பத்து லட்சத்தையும் முதல்வர் நிவாரண நிதிக்கே திருப்பிக் கொடுத்தார்.

சுதந்திரப் போராட்ட வீரர் யார் என்பதற்கும் அரசிடம் ஒரு வரையறை உண்டு. இத்தனை மாதம் சிறையில் இருந்திருக்க வேண்டும், தலைமறைவுக்கு ஆதாரம் காட்ட வேண்டும். மேற்கு வங்கத்தின் புருலியாவில், தலைமறைவாக இருந்தவர்களுக்கு வருடக்கணக்கில் விவசாயம் பார்த்துச் சமைத்துப்போட்ட பவானி மாத்தோ என்ற மூதாட்டிக்கு அந்த வரையறையில் இடமில்லை. நான் ஒன்றும் போராடவில்லையே என்று அவரே நம்பிக்கொண்டிருந்தார். சாய்நாத் அவரைத் தேடிப் போய் உட்கார்ந்து பேசிப் புத்தகத்தில் சேர்த்தார்.

சங்கரய்யாவின் பட்டக் கதை 2023 வரை நீண்டது. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுக்க முடிவு செய்து தீர்மானம் போட்டது. ஆளுநர் கையெழுத்துப் போடவில்லை. நவம்பர் 2-ல் நடந்த பட்டமளிப்பு விழாவை உயர்கல்வி அமைச்சர் புறக்கணித்தார். நவம்பர் 15-ல் சங்கரய்யா காலமானார். வெள்ளைக்காரன் பறித்த பட்டத்தை, சுதந்திர நாடு 76 வருடம் கழித்தும் திருப்பிக் கொடுக்கவில்லை. இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது.

பேனாவுக்கு விலை

கிராமத்து நிருபர்களின் உயிரைப் பற்றியும் சாய்நாத் எழுதியிருக்கிறார். ஊழலைப் பற்றி எழுதும் இந்தியப் பத்திரிகையாளர்கள் கொல்லப்படுவது குறித்து, பத்திரிகையாளர் பாதுகாப்புக் குழு 2016-ல் வெளியிட்ட அறிக்கைக்கு முன்னுரை அவருடையது. கொல்லப்படுகிறவர்கள் அநேகமாகச் சின்ன ஊர்க்காரர்கள், தாய்மொழியில் எழுதுகிறவர்கள், பலர் ஸ்டிரிங்கர்கள் என்று அதில் சுட்டிக்காட்டினார். ஆங்கிலத்தில் எழுதும் பெருநகரத்து நிருபருக்கு இருக்கிற கவசம் அவர்களுக்கு இல்லை.

மதுரைக்காரர்களுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. 2007 மே 9-ல் ஒரு கருத்துக்கணிப்பு வெளியானதற்காக இங்கே தினகரன் அலுவலகம் கொளுத்தப்பட்டது. உள்ளே மாட்டிக்கொண்டு இறந்த மூன்று பேரும் செய்தி எழுதுகிறவர்கள்கூட இல்லை. இரண்டு பேர் கம்ப்யூட்டர் இன்ஜினீயர்கள், ஒருவர் காவலாளி. 2009-ல் விசாரணை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட அனைவரையும் விடுவித்தது. சம்பவம் நடந்து பன்னிரண்டு வருடம் கழித்து, 2019 மார்ச்சில்தான் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது.

மதுரையின் கேமரா

2014-ல் இந்துவிலிருந்து விலகிய சாய்நாத், அந்த ஆண்டு டிசம்பர் 20-ல் ‘பாரி’யைத் தொடங்கினார். கிராமப்புற இந்தியாவுக்கான மக்கள் ஆவணக் காப்பகம். இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம்; தமிழ் உட்பட பல மொழிகளில் வருகிறது. அதுவரை அவரைப் பெரும்பாலும் ஆங்கிலம் தெரிந்தவர்களே படித்தார்கள் என்பது எனக்கு நெடுநாள் குறை. தன்னைப் பற்றி எழுதப்பட்டதைப் படிக்கும் உரிமை ராமநாதபுரத்து மிளகாய்க்காரருக்கு உண்டல்லவா? பாரி அந்தக் குறையைத் தீர்த்தது. மதுரை மல்லியையும், ராமநாதபுரம் முண்டு மிளகாயையும் பற்றி அபர்ணா கார்த்திகேயன் எழுதிய நீண்ட கட்டுரைகள் இப்போது தமிழிலும் கிடைக்கின்றன. பூ ஒரு கிலோ ஒரு நாள் ஆயிரங்களில் விற்கிறது, இன்னொரு நாள் பறிகூலிக்கே காணாது என்கிற உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்து நிஜம் அதில் இருக்கிறது.

அந்தக் கட்டுரைகளுக்குப் படமெடுத்த எம். பழனி குமார் மதுரைப் பக்கத்துக் கிராமத்துக்காரர். மீன் விற்ற தாய்க்குப் பிறந்தவர். அதை மறைக்காமல், தன் தாயின் உழைப்பையே படமெடுத்துக் கட்டுரையாக்கியவர். பாரிக்கு வருமுன், 2017-ல் வெளிவந்த ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தில் ஒளிப்பதிவாளராக வேலை பார்த்தார். மதுரையைச் சேர்ந்த திவ்யபாரதி இயக்கிய அந்தப் படம், மலம் அள்ளும் வேலை எங்கேயும் இல்லை என்று சொன்ன அரசின் முகத்துக்கு எதிரே கேமராவை நிறுத்தியது. திரையிடல்களுக்குத் தடை வந்தது. அதே ஆண்டில் இயக்குநர் மேல் வழக்கு பாய்ந்தது. படத்தில் காட்டப்பட்டதைச் செய்யவைத்தவர்களைத் தேடிப் போனதைவிட, படமெடுத்தவரைத் தேடிப் போனதில் சுறுசுறுப்பு அதிகம்.

இங்கேயும் வரையறைதான் சிக்கல். கையால் மலம் அள்ள வைப்பதை 2013-ம் ஆண்டுச் சட்டம் முற்றிலும் தடை செய்கிறது. 2014-ல் உச்ச நீதிமன்றம், 1993 முதல் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் இறந்தவர் ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் பத்து லட்சம் கொடுக்கச் சொன்னது. 2021-ல் நாடாளுமன்றத்தில், கையால் மலம் அள்ளியதால் யாரும் இறந்ததாகத் தகவல் இல்லை என்று மத்திய அரசு பதில் சொன்னது. அப்படியானால் செப்டிக் டேங்குக்குள் விஷவாயு தாக்கிச் செத்தவர்கள்? அவர்கள் ‘ஆபத்தான முறையில் கழிவுநீர்த் தொட்டி சுத்தம் செய்தவர்கள்’ என்று வேறு கணக்கில் இருந்தார்கள். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை முப்பது லட்சமாக உயர்த்தியது.

பழனி குமார் இறந்தவர்களின் வீடுகளுக்குத் தொடர்ந்து போனார். அப்பாவின் போட்டோவைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பிள்ளைகளை எடுத்தார். மன்னார் வளைகுடாவில், விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, முகக் கண்ணாடி ஒன்றை மட்டும் நம்பி மூச்சடக்கிக் கடல்பாசி எடுக்கிற பாரதி நகர்ப் பெண்களோடு தண்ணீருக்குள்ளேயே இறங்கினார். தலைமுறையாகக் கடலில் மூழ்கும் அந்தப் பெண்களை மீனவர் என்று ஒப்புக்கொள்ளவே பலருக்கு மனம் வருவதில்லை. 2022-ல், புகைப்படக் கலைஞர் தயாநிதா சிங்கும் பாரியும் சேர்ந்து ஏற்படுத்திய ஆவணப் புகைப்பட விருது முதன்முறையாக வழங்கப்பட்டபோது அது பழனி குமாருக்குக் கிடைத்தது.

தூய்மைப் பணியாளர்கள், மீனவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இப்போது அவர் கேமரா சொல்லிக்கொடுக்கிறார். பிள்ளைகள் தங்கள் தெருவை, அம்மாவின் வேலையை, மீன் ஏலத்தை எடுக்கிறார்கள். அந்தப் படங்கள் கண்காட்சியில் தொங்குகின்றன, பாரியில் வெளிவருகின்றன, ஒவ்வொன்றின் அடியிலும் எடுத்த பிள்ளையின் பெயரோடு.